எரிமலைக் கால்வலி

இந்தோனேசியாவில் நிகிலன் எரிமலை ஏற ஏற, சாத்தூரில் பாயில் படுத்திருந்த செண்பகவல்லிக்குக் கால் கடுத்தது. கணுக்காலில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு கூலிக்கு அவன் களைப்பையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் அவள் வேலை.

"செங்கல் சுமந்ததுக்கு இது தேவலை," என்றாள்.

"படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறவ பேச்சைப் பாரு," என்று புருஷன் குருவையா அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான்.

திடீரென்று அவள் சிரித்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது, கண்ணில் நீர் வந்தது. மூன்றாம் மாடிக்குச் செங்கல் ஏற்றியபோது இப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

போன் அடித்தது. நிகிலன்தான்.

"அக்கா, உச்சிக்கு வந்துட்டேன். எத்தனை வருஷக் கனவு! ஆனா ஒண்ணுமே தோணலையே!"

"எப்படித் தோணும்ப்பா? வலியோட சேந்து சந்தோஷமும் இங்க வந்துருச்சே."

"அதைத் திருப்பிக் குடுங்கக்கா. நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும்."

கொடுக்க அவளுக்கு மனசில்லைதான். ஆனாலும் பையன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"அப்ப பாதி மலை இறங்கி, நீயே ஏறி வா. நான் பட்டையைக் கழட்டிடுறேன்."

கழற்றினாள். அவன் நாலடி இறங்கியிருப்பான். "ஐயோ, என் காலு!" என்று போனில் அலறல் கேட்டது.

"நல்லா வலிக்குதா? அப்ப உச்சி உனக்குத்தான், போ," என்று சொல்லிவிட்டுச் சோறு போட எழுந்தாள்.

குருவையா அதற்குள் பட்டையைத் தன் கணுக்காலில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த எரிமலைக்கு நான் படுக்குறேன்டி."