முயலின் ஆட்சேபணை

காட்டில் வேட்டை விதிகளை மாற்றப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவிப்பு வந்தது. குட்டி போட்ட மாதத்திலும் முயலை அடிக்கலாம் என்றது புது விதி. முயலுக்கு அப்போது நான்கு குட்டிகள். அது மனுவோடு போய் நின்றது.

மனு வாங்கிய கீரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது. "முகவரி இல்லாத மனு செல்லாதும்மா."

'புளியமரத்துக்குக் கிழக்கே மூன்றாவது புதர்' என்று முயல் எழுதியது.

"பக்கத்துல அடையாளம்?"

"பெரிய புற்று இருக்குங்க."

"வீட்டுல எப்ப இருப்பீங்க? விசாரிக்க வரும்போது ஆள் இல்லன்னா மனு தள்ளுபடி."

"பகல் முழுக்க இருப்போங்க. குட்டிங்களும் அங்கேதான்."

அதையும் எழுதச் சொல்லி, முத்திரை குத்தி, கீரி ரசீது கிழித்தது. முயலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வரிசையில் பின்னால் நின்ற கௌதாரி மெதுவாகக் கேட்டது. "விசாரிக்க யாருங்க வருவாங்க?"

"சிறுத்தை ஐயாதான். ஒரு மனுவையும் விட மாட்டார். காலையில வந்த மனுக்களை எடுத்துக்கிட்டு, இப்பதான் கிழக்குப் பக்கம் கிளம்பினார்."

முயல் பாய்ந்து ஓடியது.

"அம்மா, ரசீதை விட்டுட்டுப் போறீங்களே!" என்று கீரி பின்னாலிருந்து கத்தியது.