மாப்பிள்ளைக் குதிரை

குதிரை வந்து அரை மணித்தியாலமாகியும் மாப்பிள்ளை ஏறவில்லை.

மாப்பிள்ளைக்கு அன்றோடு அறுபது வயது. பெயர் பழனியாண்டி. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு தரம் என் கழுத்தில் தாலி கட்டியவர், இன்னொரு தரம் கட்டுவதற்காகப் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக முற்றத்தில் நின்றார். நான் கூறைச் சேலையோடு வாசலில் நின்றேன்.

குதிரை மகனின் ஏற்பாடு. சுகிர்தன் கனடாவில் இருந்துகொண்டு நுவரெலியாவில் ஒரு கிழட்டுக் குதிரையைப் பிடித்து, அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கென்று லொறியில் தர்மபுரத்துக்கு அனுப்பியிருந்தான். அப்பா அதில் ஏறிப் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டும். அவன் அதைப் போனில் பார்க்க வேண்டும்.

குதிரையோடு வந்த ஆள் சேணத்தைக் கட்டி, கடிவாளத்தை இவர் கையில் கொடுத்து, உங்களுக்குத் தெரியாததா ஐயா என்று கும்பிட்டுவிட்டு அதே லொறியில் திரும்பிவிட்டான்.

தெரியாததா! இவருடைய குதிரைக் கதை விழாத காது தர்மபுரத்தில் இல்லை. பனிக்குள் விடியற்காலையில் குதிரையைக் குளிப்பாட்டியது, சேணமில்லாமல் ஏறித் தேயிலைச் சரிவில் இறங்கியது, விழுந்து முழங்கால் கிழிந்தது. தேத்தண்ணீர்க் கடையில் சொன்னார். வயலில் அருவி வெட்டு நாளில் வரம்பில் இருந்து சொன்னார். இடம்பெயர்ந்து முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோதும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களைவிடக் குதிரைப் படங்கள் அதிகம்.

சும்மா சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு நடுவில் நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆரம்பத்தில் இவரைத் தோட்டக்காட்டான் என்றுதான் கூப்பிட்டார்கள். கதைகள் பரவப் பரவ அந்தப் பெயர் போய், குதிரைக்காரர் ஆனார். வீடுகளில் இவருக்கு இருக்கக் கதிரை போட்டார்கள்.

அந்தக் கதிரைதான் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காணிச் சின்னராசா போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். அதற்குள்ளே சுகிர்தனும் பெண்சாதியும் பிள்ளைகளும். வேலியோரம் முழு ஊர். நேரம் போகிறது என்று ஐயர் கோயிலிலிருந்து இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளை குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கழுத்தைத் தட்டினார். மாடு வாங்கப் போனவர் மாதிரிப் பல்லைக்கூடப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, சால்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். நெற்றிச் சந்தனம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"லட்சுமி, எந்தப் பக்கத்தால ஏறுறது?"

இடப்பக்கம் என்றேன்.

நுவரெலியாவில் குதிரை லாயத்தில் வேலை செய்தவர் என் அப்பா. பனிக்குள் குளிப்பாட்டியது நான். சரிவில் இறங்கியது நான். கிழிந்தது என் முழங்கால். எழுபத்தேழுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது.

கலியாணம் கட்டிய புதிதில் ஒரு மாரி முழுக்க இவருக்கு அதையெல்லாம் சொன்னேன். இவர் பிறந்த தோட்டத்தில் கழுதைகூட இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அடுத்த மாரிக்குள் அவை இவருடைய கதைகளாகித் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தன.

கேள்விப்பட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் கடைக்குப் போனேன். அத்தனை பேரும் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

வயிறு எரியத்தான் செய்தது. பல வருடம் கழித்து வாய் தவறி நானே ஒன்றைச் சொல்லப்போக, புருசன் சொன்னதைத் தான் செய்ததாகச் சொல்லுகிறாள் என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு குதிரைப் பேச்சை விட்டுவிட்டேன்.

இவர் இடப்பக்கம் போய்க் காலைத் தூக்கினார். குதிரை ஒரு அடி விலகியது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விலகியது. மூன்றாம் தரம் தலைப்பாகை மண்ணில் விழுந்தது. வேலியோரம் யாரோ சிரித்தார்கள். சின்னராசா போனைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

அவரைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. குதிரையின் மணம் மூக்கில் ஏறி நாற்பத்தேழு வருடமாகிவிட்டது. அதுதான் மற்றப் பாதி.

கடிவாளத்தை வாங்கி, குதிரையைக் கிணற்றுக் கட்டோடு அணைத்து நிறுத்தினேன். கூறையை வரிந்துகொண்டு கட்டுக்கு மேலே ஏறி, அங்கிருந்து குதிரையில் ஏறினேன். கணுக்கால் தெரிந்தது. தெரியட்டும். கிணற்றைச் சுற்றி, மாமரத்தைச் சுற்றி, முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் கைதட்டியது.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு நேரே போனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நான் ஒரு நாளும் குதிரை ஏறினதில்லை. அதெல்லாம் உன்ர அம்மாவின்ர கதையள்."

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு இவர்மேல் காதல் போல ஏதோ வந்தது.

"பாத்தியளே, கலியாண நாளெண்டு மனுசிக்கு விட்டுக்குடுக்கிறார்! அவவுக்கும் குதிரை பழக்கியல்லோ வைச்சிருக்கிறார்," என்றார் சின்னராசா.

கைதட்டல் இரண்டு மடங்கானது. போனுக்குள் மகனும் தட்டினான், பேரப்பிள்ளைகளும் தட்டினார்கள். இவர் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். அடக்கத்தைப் பாருங்கோ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை நடந்து வரட்டும் என்று, நான் குதிரையை வேலிப் படலைக்கு வெளியே கோயில் பக்கம் ஓட்டினேன்.