சுவரில் எழுதிய நம்பர்

"முன்னால இருக்கிற சைபரை எடுத்துட்டா எனக்குத் தெரியாதா? எழுபத்தொன்னுல தொடங்குது! யாருங்க அவ?"

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் போன் நம்பர்களைச் சுவரில்தான் எழுதி வைப்பார்கள். அங்கே புதிதாக முளைத்திருந்த ஒன்பது இலக்கத்தைப் பார்த்துத்தான் விதுஷா கத்தினாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ரேடியோவைக் குறைத்துக்கொண்டார்கள்.

"அது முதன்மை எண், விது!" என்று அவள் கணவர், கணக்கு வாத்தியார் சிவநேசனும் கத்தினார். "ஒன்னையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. மூனால பெருக்கி ஒன்னைக் கழிச்சுப் பாரு. முப்பத்தொரு ரெண்டை ஒன்னோட ஒன்னு பெருக்கினா வர்ற தொகைதான் வரும்."

விதுஷா விடவில்லை. போனில் ஒவ்வொரு ரெண்டாகத் தட்டிப் பார்த்தாள். அச்சு அசலாக அதே தொகை. முகம் சுருங்கிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். லயத்துக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"ஆமா, ஒலகத்துல எத்தனையோ கோடி நம்பர் கெடக்கு. இது மட்டும் எப்படிங்க ஒங்க கண்ணுல பட்டுச்சு?"

வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. "கௌசிகா டீச்சரோட போன் நம்பர்தான். ஸ்கூல் லிஸ்ட்ல பாத்தேன். சும்மா வகுத்துப் பாத்தேன்."

விதுஷா தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"என் நம்பரை வகுத்துப் பாத்தீங்களா?"

"உன்னோடது ஏழால போயிரும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் விதுஷா ஹாலிஎல தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றும் அறியாத கௌசிகா டீச்சர் தையில் கல்யாணம் முடித்து ஹட்டனுக்குக் குடிபோன பிறகுதான் விதுஷா திரும்பினாள், புது சிம்மோடு. அந்த நம்பர் லயத்தில் எல்லோரிடமும் இருக்கிறது, வாத்தியாரைத் தவிர.