முதல் டோக்கன்

"டாக்டர், அந்த ஆள் இன்னும் போகலை."

வரவேற்பு மேஜைப் பெண் அறைக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்.

ஏழு மாத ஊரடங்குக்குப் பிறகு பல் கிளினிக்கைத் திறந்த முதல் நாள். அவள் வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தை. 'வேலை முக்கியமா, பிள்ளை முக்கியமா?' என்று மாமியார் கேட்டது காலையிலிருந்து காதைக் குடைந்துகொண்டிருந்தது.

"எந்த ஆள்?" டாக்டர் புதுக் கையுறையை இழுத்து மாட்டினார்.

"முதல் டோக்கன் வாங்கினவர். ஒன்பதரைக்கு வந்தார். எப்பக் கூப்பிட்டாலும், 'அவங்களை அனுப்பும்மா, நான் அப்புறம் போறேன்'ங்கிறார். அவருக்குப் பின்னாடி வந்த அஞ்சு பேர் பார்த்துட்டுப் போயாச்சு."

"காய்ச்சல் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்துட்டேன், இல்லை. ஆனா மாஸ்க்கை இறக்கவே மாட்டேங்கிறார். தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டார்."

டாக்டர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே எட்டிப் பார்த்தார். "எதையோ மறைக்கிறார். இங்க மெஷினை ஓட்டினா எச்சில் பனி மாதிரி அறை பூரா பறக்கும். நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா? போய் என்னன்னு கேளு. தள்ளி நின்னே கேளு."

தள்ளி நின்று கேட்பதாம்! சொல்வது சுலபம்.

சானிடைசர் பாட்டிலை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்கு நேர் நாற்காலியில் அந்த ஆள், வயது எழுபது இருக்கும், பிடித்து வைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தார். மற்ற நாற்காலிகளில் நாலு பேர்.

அவர் லேசாக இருமினார்.

நாலு பேரும் திரும்பினார்கள்.

"ஐயா, கொஞ்சம் வெளியே வாங்க."

மாடிப்படி ஓரத்துக்கு வந்ததும் அவள் கேட்டாள். "பல்லுல என்ன பிரச்சனை உங்களுக்கு?"

"அவசரம் ஒண்ணும் இல்லைம்மா."

"அவசரம் இல்லேன்னா எதுக்கு மூணு மணி நேரமா உட்கார்ந்திருக்கீங்க? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? உண்மையைச் சொல்லிடுங்க ஐயா, கைப்பிள்ளைக்காரி நான்!"

அவர் கையை உயர்த்தி, மாஸ்க்கின் கயிற்றைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஐயோ, கழட்டாதீங்க!" சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் இரண்டு படி கீழே இறங்கி நின்று, வாயைத் திறந்து காட்டினார்.

வெறும் ஈறு. மருந்துக்குக்கூட ஒரு பல் இல்லை.

அவர் அவசரமாக மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்.

"எதிர் சலூன் என்னுதும்மா. போன வாரம் கடை திறந்தேன். காலி நாற்காலியைப் பார்த்தே ஜனங்க பயந்து திரும்பிட்டாங்க, மூணு நாள் ஈ ஓட்டினேன். இன்னிக்குக் காலைல கடை வாசல்ல நின்னப்போ, உங்க படியிலயும் மூணு பேர் ஏறின வேகத்துல இறங்கினதைப் பார்த்தேன். எனக்கும் பயந்தான்... ஆனா ஒருத்தன் உள்ள உட்கார்ந்திருந்தாத்தானேம்மா, அடுத்தவனுக்கு வரத் தைரியம் வரும்?"