எழுபதாவது நிமிஷம்

"கையெழுத்துப் போடாம ஒருத்தரும் இந்த நாற்காலியில உக்காரக் கூடாது!"

சலூன் அவருடையதல்ல. ஆனாலும் உத்தரவு போட்டது ரெஃப்ரிதான். அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பின் ரசிகர் மன்றத் தலைவர். பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. எந்த வாதத்திலும் கடைசி விசில் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்பதால் ஊர் வைத்த பட்டப்பெயர் அது.

அவர் கையில் ஒரு மனு. மேனேஜரை உடனே நீக்க வேண்டும் என்று இருநூறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாலை ஆட்டம் முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. மனு உள்ளே போனால் மேனேஜர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"அண்ணே, நுரை துடைக்கற பேப்பர் தீந்துபோச்சு. அதுல ஒரு ஓரம் கிழிச்சுக்கட்டுமா?" என்றார் சலூன்காரர்.

"கை வச்சே, கையை ஒடிச்சுருவேன்."

பெஞ்சிலிருந்த பஸ் டிரைவர் ஆரம்பித்தார். ஆட்டத்தில் பாதியைப் பார்த்துவிட்டு டியூட்டிக்கு ஓடுகிறவர். விமரிசனம் மட்டும் முழு ஆட்டத்துக்கும் உண்டு.

"மனுஷனா அந்த மேனேஜர்? நம்ம குதிரை, ஓட்டத்துல அவனை மிஞ்ச ஆளு உண்டா, ரெண்டு கோல் போட்டு நிக்கறான். எழுபதாவது நிமிஷம் கரெக்டா பலகையைத் தூக்கி வெளிய வாடாங்கறான். ஒரு தடவை ரெண்டு தடவையா? போன சீசன் பூரா, நம்ம ஊர்ல நடந்த ஒவ்வொரு ஆட்டத்துலயும்!"

"பதிலுக்கு இறக்கினானே ஒருத்தனை! பந்து வந்தா ஒதுங்கி வழி விடறான்" என்றார் ரெஃப்ரி. "கடைசில குதிரையை அடிமாட்டு விலைக்கு வித்தான். அதுவும் யாருக்கு? நம்ம ஜென்ம எதிரிக்கு!"

"இந்த மேனேஜர் வந்தப்புறம்தான் நாம மேல் டிவிஷனுக்கே வந்தோம்..." என்று இழுத்தார் சலூன்காரர்.

"நீ முடியை மட்டும் வெட்டு."

அப்போது கதவு திறந்தது. குனிந்து உள்ளே வந்தான் குதிரை. இன்று எதிரணிக்காக ஆட வந்தவன். ஆட்டத்தன்று இங்கேதான் சவரம் செய்துகொள்வது அவன் பழக்கம். கிளப் மாறியும் அதை விடவில்லை.

டிரைவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். ரெஃப்ரியின் கண் கலங்கியது. கையெழுத்து வாங்காமலே அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருக்கும்போது மனுவை நீட்டினார் ரெஃப்ரி.

"நீயும் ஒண்ணு போடு தம்பி. உன் விருப்பம் இல்லாம உன்னை வித்தான்ங்கறதுதான் முதல் குற்றச்சாட்டு."

குதிரை நிதானமாகப் படித்தான்.

"இது பொய்ண்ணே. போறேன்னு கேட்டது நான்தான்."

அவன் தோளில் கிடந்த டிரைவரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"நீயா கேட்டே? அவங்ககிட்ட போறேன்னு?" ரெஃப்ரியின் முகம் சிவந்தது. "துரோகி!"

சலூன்காரரின் கத்தி அவன் தாடையருகே அப்படியே நின்றுவிட்டது. குதிரை அசையாமல் பேசினான்.

"சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா அவர் வேலைக்கே உலை வைக்கறப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காது. எம் பொண்ணுக்குக் காது கேக்காதுண்ணே. அவளை மாதிரிப் பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடம் இப்ப நான் ஆடற கிளப்போட ஊர்லதான் இருக்கு. விடுதியில சேத்தோம். நம்ம ஊர்ல ஆட்டம் நடக்கற அதே ஞாயித்துக்கிழமைதான், ராத்திரி எட்டு மணிக்குள்ள போனாத்தான் பாக்க விடுவாங்க. நான் வரலைன்னா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பா. சோறு இறங்காது அவளுக்கு."

டிரைவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்த ஊருக்குப் போற அஞ்சே முக்கால் வண்டி... என் வண்டிடா! ஈரத் தலையோட ஓடி வந்து ஏறுவியே. ஆட்டத்துலேருந்து எடுத்துட்டாங்கன்னு அவமானம் தாங்காம ஓடறேன்னுல்ல நினைச்சேன்? அதைத்தானே ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

"கடைசி விசில் வரைக்கும் நின்னா அந்த வண்டி போயிரும்ணே. அதான் எழுபதாவது நிமிஷம். அப்படியும் பல நாள் ஜெயிச்சுக் காட்டினாரே மனுஷன்! அப்புறம், அந்த ஊருக்கே போயிடட்டுமான்னு கேட்டேன். அவரே பேசி முடிச்சார். கூட விலை தர ரெண்டு கிளப் தயாரா இருந்தாங்க. ஆனா அந்த ஊர்கள்ல பள்ளிக்கூடம் இல்லையே."

ரெஃப்ரி மனுவை நாலாக மடித்து சலூன்காரரிடம் நீட்டினார்.

"பேப்பர் கேட்டியே. துடைச்சுக்கோ."

மறு கன்னத்தில் வழித்த நுரை இருநூறு கையெழுத்தின் மேல் விழுந்தது. ஆனாலும் ரெஃப்ரிக்கு மனசு ஆறவில்லை. கடைசி விசில் தன்னுடையதாக இருக்க வேண்டுமே!

"எல்லாம் சரி தம்பி. அவர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா? கேட்டுப் புரிஞ்சுக்க மாட்டோமா?"

குதிரை கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"முழுசாக் கேக்கறதுக்கு முன்னாடியே என்னைத் துரோகின்னீங்களேண்ணே, அந்த ஒரு சொல் எம்மேல விழக் கூடாதுன்னுதான் ஒரு வருஷமா உங்க திட்டை எல்லாம் அவர் வாங்கிக்கிட்டார்."