ரெண்டு பக்கமும் பாருங்க

"மூணு தடவை சேர்த்துவிட்டும் ஒரு குட்டிகூட தங்கலையே டாக்டர்! எங்க பஞ்சுவுக்கு அப்படி என்னதான் குறை?"

கேட்டவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். மேசைமேல் நின்ற வெள்ளை நாய் பஞ்சு, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல் அவர் சட்டைப் பொத்தானை நக்கிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம், வீட்டில் குழந்தை இல்லை. பஞ்சுவாவது குட்டி போட்டால் வீடு கலகலப்பாகும் என்பது அவர் ஆசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் ஆசை வேறு. அவள் கைப்பையில் எப்போதும் ஒரு தடிமனான ஃபைல் இருக்கும். எல்லாம் அவளுடைய ஸ்கேன், அவளுடைய ரத்தப் பரிசோதனை. அவர் பெயரில் ஒரு தாள்கூடக் கிடையாது.

"ஆறு வாரத்துக்கு முன்னாடி குடம் குடமா தண்ணி குடிச்சுது, பின்னாடி சீழ் கசிஞ்சுது இல்லையா? அது கர்ப்பப்பை அழற்சி" என்றார் கால்நடை மருத்துவர். "நல்லவேளை, உங்க மனைவி உடனே தூக்கிட்டு வந்தாங்க. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. இப்ப ஸ்கேன்ல சுத்தமா இருக்கு."

"அப்ப இனிமே குட்டி போடுமா?"

"அடுத்த பருவத்துல பார்க்கலாம். ஆனா பழியை முழுக்க இது தலையில போடாதீங்க. அந்த ஆண் நாயையும் சோதிச்சுடுங்க."

"நாய்க்காரர் நம்பர் எங்கிட்ட இருக்குங்க" என்று மனைவி அழைத்துப் போனை நீட்டினாள். மாஸ்டருக்கு நாள் முழுக்க வகுப்பு. டப்பிங் ஸ்டூடியோ வேலைக்கு நடுவே மூன்று தடவையும் பஞ்சுவைக் கூட்டிப்போனது அவள்தான்.

"டெஸ்டா? என் பையனுக்கா?" ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல் எகிறியது. "ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்? எங்க பரம்பரையிலயே அந்தக் குறை கிடையாது. வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆகிறது?"

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னய்யா பேச்சு இது? ஊசி, மாத்திரை, ஸ்கேன்னு இந்த வாயில்லா ஜீவன் மட்டும் அல்லாடணும், உங்காளு ஹாயா படுத்திருப்பாரா? தெருவைத் தாண்டவே ரெண்டு பக்கமும் பாருன்னு தினம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இதுல ஒரு பக்கம் மட்டும் பார்த்தா போதுமா? மனசாட்சி வேணாம்?"

போனை வைத்துவிட்டு, பெரிய நியாயம் பேசிய பெருமையோடு திரும்பினார்.

மனைவி கைப்பையிலிருந்து அந்த ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"நல்லா சொன்னீங்க" என்றாள்.

அவர் ஃபைலைப் பார்த்தார். பஞ்சுவைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கு... எத்தனை மணிக்குப் போகணும்?"

"ஒன்பது."

"வெறும் வயித்துலயா?"

"வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்க" என்றாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவர் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனதும் அவள் அதே எண்ணை அழைத்தாள்.

"அசத்திட்டீங்க சார்! டெஸ்டுக்கு ஒத்துக்கிட்டார். பஞ்சு இன்னும் எந்த ஆண் நாய் முகத்தையும் பார்த்ததே இல்லைன்னு அவருக்குத் தெரியவே தெரியாது."

"நாய்னாலே நடுங்கிற என்னையே நாய்க்காரனாக்கிட்டியேம்மா!" என்று சிரித்தார், ஸ்டூடியோவில் வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவர். "ஆனா வசனம் பிரமாதம். எப்படி எழுதினே?"

"நான் எங்க சார் எழுதினேன்? ஒவ்வொரு வரியும் ஆறு வருஷமா எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட சொன்னது!"