பொன்னுருக்கிய பிறகு

பிரிட்டனின் பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தபோது என் மனைவி பாலாம்பிகை அழுதாள்.

2019 மே மாதம், வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளி விடுமுறை என்பதால் மகள் ஷாமினியும் வீட்டில்தான் இருந்தாள். நோன்பு மாதம் வேறு. சுங்கைப் பட்டாணியின் தெருவோரக் கடைகளில் பலகாரம் வாங்க நான் காரை எடுத்திருக்க வேண்டிய நேரம். ஆனால் மூவரும் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை.

லண்டனில் ஒரு கறுப்புக் கதவுக்கு முன்னால் நின்று அந்த அம்மாள் பேசினார். கடைசி வரியில் குரல் உடைந்தது. சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

"பாவம் மனுசி," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள் பாலாம்பிகை. "இஞ்சேருங்கோ, இனி ஆர் வந்து இதை முடிச்சு வைக்கிறது? எங்கட பிள்ளைக்கு எப்ப கலியாணம்?"

அவளுக்கு இரண்டும் ஒரே கேள்விதான்.

மாப்பிள்ளை பெயர் உமாசங்கர். ஜெர்மனியில் வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை. ஜெர்மன் பாஸ்போர்ட், லண்டனில் வேலை. மார்ச் இருபத்தொன்பதில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதாக இருந்தது. அதற்கு முன்பே தாலி கட்டிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று மாசியில் நாள் குறித்தோம்.

ஜித்ராவில் அவனுடைய பெரியம்மா யோகேஸ்வரி அக்கா வீட்டில் பொன்னுருக்கினோம். மாப்பிள்ளை பக்கத்துக்கு இங்கே அந்த ஒரு வீடுதான். நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ஆசாரி தாலிக்கான பொன்னை உருக்கினார். எல்லாம் முறைப்படி.

பொன்னுருக்கிய பிறகு தாலி ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது. எங்கள் யாழ்ப்பாண வழக்கம் அது. வீடியோ அழைப்பில் தெரிவதும் முகம்தான் என்று பாலாம்பிகை சட்டத்தைத் திருத்தினாள். வெறும் குரலும் கூடாது என்று மறுநாள் இன்னொரு திருத்தம். அரசு கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கும் முப்பது வயது மகள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினாள்.

வழக்கமாக ஒரு வாரத்தில் முடிகிற விரதம். எங்கள் வீட்டில் மூன்று மாதத்தை நெருங்கிவிட்டது.

காரணம் பிரிட்டன். மாப்பிள்ளைக்கு அங்கே இருக்க உரிமை உண்டா இல்லையா என்றே தெரியவில்லை, நாடாளுமன்றம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நான்தான் வீட்டில் சொன்னேன். மண்டபத்துக்காரரிடமும் அதையே சொன்னேன். நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். கோப்பு நகரவில்லை என்றால் மேலிடத்தைக் கை காட்டத் தெரியும்.

அதன்பின் பாலாம்பிகை பிரிட்டனை விடவில்லை. வாக்கெடுப்பு நாள்களில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மார்ச்சில் இரண்டு முறை வெளியேறும் ஒப்பந்தம் தோற்றது. இரண்டு தேங்காயும் வீண். வெளியேறும் தேதி ஏப்ரலுக்குப் போனது, பிறகு அக்டோபருக்கு. எத்தனை ஓட்டில் தோற்றார்கள் என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள்.

தோற்ற நாளிலெல்லாம் ஷாமினி ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒவ்வொரு தோல்விக்கும் நான் அந்த நாடாளுமன்றத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஏனென்றால் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது யோகேஸ்வரி அக்கா என்னைத் தனியாகக் கோவிலுக்கு வரச் சொல்லியிருந்தார். பையனுக்கு இஷ்டமில்லையாம் என்று மட்டும் சொல்லி, உருக்கிய பொன்னை ஒரு தாளில் சுற்றி என் கையில் வைத்தார். காரணம் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிலக்கடலை அளவுப் பொன். வீட்டுக்குள் கொண்டுபோகத் துணிவில்லாமல், காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் பழைய காகிதங்களுக்கு அடியில் வைத்தேன்.

பொன்னுருக்கியும் கல்யாணம் நின்றுபோன பெண் என்று ஊர் பேசும். அதுகூடப் பரவாயில்லை. இதை ஷாமினியின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கோழை என்றால் கோழைதான்.

இப்போது அந்த அம்மாளும் கையை விரித்துவிட்டார். புதியவர் வர ஜூலை ஆகலாம் என்றார்கள். என் பொய்க்கு இரண்டு மாத ஆயுள் கூடியது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஆவணியில் முகூர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கப் பாலாம்பிகை பஞ்சாங்கத்தைத் தேடி உள்ளே போனாள்.

ஷாமினி கார்ச் சாவியை எடுத்தாள். பலகாரம் வாங்க அவளே போகிறாளாம். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அந்தப் பொன்னைக் காடியில வச்சிருக்காதீங்கப்பா. திருடு போயிடும்லா."

நான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கறுப்புக் கதவை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உமாசங்கர் மேல கோபப்படாதீங்க. வேண்டாம்னு அவருக்கு மெசேஜ் போட்டது நான். பழியை அவர் ஏத்துக்கிட்டார். உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன், அதுக்குள்ள நீங்க பிரிட்டன்னு சொல்லிட்டீங்க."

ஆவணியில் ஒரு நல்ல நாள் இருக்கிறதென்று உள்ளேயிருந்து பாலாம்பிகை உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

ஷாமினி சாவியை என் கையில் வைத்துவிட்டு, பஞ்சாங்கத்தை மூடச் சொல்ல அம்மாவிடம் போனாள்.

நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.